சத்திய ஸ்தானத்து ஊழியர்கள்

லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று இருக்கிறது. இரண்டாம் ரமேசஸ் என்னும் எகிப்திய மன்னன் பட்டமேறிய 40ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 1240ஐ ஒட்டிய காலத்தில், நாற்பது வேலையாட்களின் பெயர்களை வரிசையாக இட்டு, அவரவர் வேலைக்கு வராத நாட்களைக் கறுப்பு மையாலும், வராமைக்கு உரிய காரணத்தைச் சிவப்பு மையாலும் ஒரு கணக்கர் குறித்து வைத்த வருகைப் பட்டியல் அது. ஒருவனுக்குக் கண் நோவு; ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது; ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சினான்; ஒருவனுடைய மனைவியோ மகளோ வீட்டுவிலக்கு; ஒருவன் உறவினரின் பிரேதத்துக்குத் துணி சுற்றப் போயிருந்தான்; ஒருவன் தன் தெய்வத்துக்குப் படையல் இட்டான். தேள்கடியும் தெய்வமும் அந்தக் கணக்கரின் பேனாவுக்கு ஒரே தரத்து விஷயங்களாகத்தான் இருந்திருக்கின்றன.

அந்த நாற்பது பேரும் வெறும் கூலியாட்கள் அல்லர். நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்ஸோர் நகரத்துக்கு எதிரே, பச்சை வயல்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்துக்கு அப்பால், மரமோ கிணறோ இல்லாத ஒரு மலையிடுக்கில், மதில் சூழ்ந்த சுமார் எழுபது வீடுகள் கொண்ட சிற்றூரில் அவர்கள் குடியிருந்தார்கள். அரசர் பள்ளத்தாக்கில் பாரோ மன்னர்களுக்குக் கல்லறை குடைவதும், அதன் சுவர்களில் சித்திரமும் மந்திரமும் எழுதுவதும் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய தொழில். ஊரை இப்போது அரபு மொழியில் தெய்ர் எல்-மதீனா என்கிறார்கள். அந்த இடத்துக்கும் அந்த வேலைக்கும் சேர்த்து அக்காலத்தில் வழங்கிய பெயரைத் தமிழாக்கினால் ‘சத்திய ஸ்தானம்’ என்று வரும். ‘சத்திய ஸ்தானத்து ஊழியன்’ என்றே அவ்வூரார் தங்களைக் கல்லில் பொறித்துக்கொண்டார்கள். குடிக்கிற தண்ணீர் கழுதை முதுகில் ஏறி வரவேண்டியிருந்தது. பிற்காலத்தில் தண்ணீருக்காகச் சுமார் 50 மீட்டர் ஆழம் தோண்டியும் ஊற்றுக் காணாமல், கடைசியில் குப்பைக் குழியாகிப்போன பள்ளம் ஒன்று அங்கே உண்டு. 1922 முதல் அங்கே அகழாய்வு நடத்திய பிரெஞ்சு அறிஞர் பெர்னார் ப்ரூயேர் அந்தக் குப்பையைக் கிளறியபோது, எழுத்துள்ள கல் சில்லுகளும் ஓட்டுச் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. பாப்பிரஸ் தாளுக்கு விலை உண்டு, காலடியில் கிடக்கும் கல்லுக்கு விலை இல்லை. ஆகவே கடன், வழக்கு, சலவைக் கணக்கு, சாபம், பிரார்த்தனை எல்லாம் கல்லிலேயே ஏறின.

பழைய எகிப்தியரின் மதத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பிரமிடுகளின் அடிவாரத்தில் நின்றுகொண்டு தொடங்குவது சம்பிரதாயம். அங்கிருந்து பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் மரணம். அதனாலேயே எகிப்தியர் சாவின்மீது மோகங்கொண்ட ஜனங்கள் என்ற எண்ணம் பரவிவிட்டது. நான் இந்தச் சிற்றூரின் குப்பைக் குழியருகில் நின்று பார்க்க விரும்புகிறேன். பரலோகத்தைத் தங்கள் கையாலேயே அளந்து, உளியால் செதுக்கி, வர்ணம் தீட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள். தெய்வங்களின் முகத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தவர்களின் சொந்த நம்பிக்கை எப்படி இருந்தது என்பது, மன்னர்களின் நம்பிக்கை எப்படி இருந்தது என்பதைவிடச் சுவையான கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

மன்னனுக்காக இவர்கள் எழுதிய கதை சூரியனின் இராப் பிரயாணம். பகலில் ஆகாயத்தில் ஓடம் செலுத்துகிற ரா என்னும் சூரிய தேவன் மாலையில் மேற்கு மலைக்குள் இறங்கி, ஆட்டுக்கடாத் தலையோடு வேறோர் ஓடத்தில் அமர்ந்து, பூமிக்கு அடியிலே, இரவின் மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாசல்களைக் கடந்து போகிறான்; வழியை மறித்துப் படுத்திருக்கும் அபோபிஸ் என்ற மகா சர்ப்பத்தை ஒவ்வோர் இரவும் வெட்டி வீழ்த்தவேண்டியிருக்கிறது; நள்ளிரவின் அடியாழத்தில் சூரியன், இறந்தோரின் அரசனாகிய ஓசைரிஸோடு ஒன்றிப் புத்துயிர் பெற்று, விடியலில் ஒரு வண்டின் வடிவமாய்க் கிழக்கே பிறக்கிறான். இறந்த மன்னன் அந்த ஓடத்தில் ஒருவன். மூன்றாம் துத்மோசின் கல்லறையில் இக்கதை முழுவதும், மஞ்சள் படர்ந்த சுவரில் கறுப்பும் சிவப்புமான மெல்லிய கோட்டுருவங்களாக, விரித்து வைத்த நாணற்சுருளைப் போலவே தீட்டப்பட்டிருக்கிறது. தாங்கள் தீட்டுகிற கோட்டில்தான் மறுநாள் சூரியன் உதிப்பது தங்கியிருக்கிறது என்று அந்தச் சித்திரக்காரர்கள் எண்ணினார்களோ, அல்லது பத்து நாளில் எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்ற முறையை எண்ணினார்களோ, இரண்டையும் ஒருங்கே எண்ணுவதில் அவர்களுக்கு யாதொரு சங்கடமும் இருந்திராது.

இந்தக் கட்டடம் முழுவதையும் தாங்குகிற தூண் ‘மாஆத்’ என்னும் சொல். சத்தியம், நீதி, ஒழுங்கு, கோள்கள் நெறி தவறாமை, ஆற்றில் பருவத்தே வெள்ளம் வருதல், தராசில் கள்ள எடை இல்லாமை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். தலையில் தீக்கோழி இறகு சூடிய பெண்ணாக அவளைத் தெய்வமாக்கியும் வைத்திருந்தார்கள். மன்னன் மாஆத்தைக் காக்கக் கடமைப்பட்டவன். சாதாரண மனிதனோ, இறந்தபின் அவள் இறகுக்கு எதிரே நிறுக்கப்படுகிறவன். அனுபிஸ் என்ற நரித்தலைத் தேவன் தராசைப் பிடித்திருக்க, தோத் என்ற தேவன் கணக்கு எழுத, ஒரு தட்டில் இறந்தவனுடைய இருதயமும் மறு தட்டில் இறகும் வைக்கப்படும். நான் களவு செய்யவில்லை, கொலை செய்யவில்லை, அளவைக் குறைக்கவில்லை என்று நாற்பத்திரண்டு நீதிபதிகளின் முன் அவன் மறுத்துரைக்கவேண்டும். தட்டு சாய்ந்தால், முதலைத் தலையும் சிங்கத்தின் முன்பாதியும் நீர்யானையின் பின்பாதியும் கொண்ட ஒரு பிராணி அருகிலேயே வாயைப் பிளந்து காத்திருக்கிறது. அவர்களுடைய நடைமுறைப் புத்தி இவ்விடத்தில் வெளிப்படுவதைக் கவனிக்கவேண்டும். இருதயமே எதிர்ச்சாட்சி சொல்லிவிடக்கூடாதே என்பதற்காக, அதை அடக்கி வைக்கும் மந்திரம் பொறித்த கல்வண்டு ஒன்றை மம்மியின் நெஞ்சின்மேல் வைத்துக் கட்டினார்கள். நீதியில் நம்பிக்கை இருந்தது. நீதி மன்றத்துக்குப் போகுமுன் தக்க ஏற்பாடு செய்துகொள்வதிலும் நம்பிக்கை இருந்தது.

நெஞ்சு வேண்டும் என்பதனாலேயே பிரேதத்தைப் பதம் செய்கிறபோது மூளையை அகற்றி எறிந்தவர்கள் இருதயத்தை மட்டும் உடலிலேயே விட்டு வைத்தார்கள். நேட்ரன் என்னும் ஒருவகை உவர் உப்பில் உடலை உலர்த்தி, எண்ணெயும் பிசினும் பூசி, துணி சுற்றி முடிக்கச் சம்பிரதாயப்படி 70 நாட்கள். இரண்டாம் ரமேசஸின் மம்மியை 1976இல் பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அவன் மூக்கினுள்ளே மிளகு இருப்பதைக் கண்டார்கள். மிளகு அக்காலத்தில் விளைந்தது தென்னிந்தியாவில் என்பதை எண்ணும்போது, நம் மலைச்சரிவில் எவனோ பறித்துக் காயவைத்த கொடிச்சரக்கு எத்தனை கை மாறி அந்த மூக்கை அடைந்ததோ என்று சற்று நேரம் வியக்காமல் இருக்க முடியவில்லை. உலர்த்துவதும் சுற்றுவதும் முடிந்தபின் ‘வாய் திறக்கும்’ சடங்கு. உண்ணவும் பேசவும் மூச்சுவிடவும் வேண்டுமே என்று, பிரேதத்தின் வாயை ஒரு கருவியால் தொடுவார்கள். அந்தக் கருவி வேறொன்றுமில்லை, தச்சனுடைய வாய்ச்சி. மரத்தைச் செதுக்கிச் சிலையாக்குகிற அதே ஆயுதம் பிணத்தை உயிர்ப்பிக்கவும் போதும் என்று கருதிய மதத்தை ஒரு தொழிலாளிக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வு நாட்களில் இவர்கள் தங்கள் சொந்தக் கல்லறைகளை ஊருக்கு மேலேயுள்ள சரிவில் குடைந்துகொண்டார்கள். 1886இல் திறக்கப்பட்ட சென்னெஜெம் என்பவனின் கல்லறையில் சூரிய ஓடத்தின் நள்ளிரவுப் போராட்டமெல்லாம் காணோம். வெள்ளை ஆடை உடுத்த கணவன் ஏர் பிடிக்க, மனைவி பின்னால் விதைத்துச் செல்ல, ஆளுயரம் விளைந்த கதிரும் கால்வாயும் பழமரங்களுமாக ‘இயாரு’ என்னும் பரலோக வயல் அங்கே பளபளக்கிறது. வாழ்நாள் முழுவதும் பாறைத் தூசியை விழுங்கியவனுக்குச் சுவர்க்கம் என்பது நல்ல நஞ்சை. ஆனால் சுவர்க்கத்திலும் வயல் வேலை செய்யத்தான் வேண்டுமா என்று யோசித்து, அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார்கள். ‘உஷப்தி’ என்ற சிறு பொம்மைகளைக் கூடவே புதைத்துவிட்டால், அங்கே ஆள் கூப்பிடும்போது ‘இதோ நான்’ என்று பொம்மை எழுந்து போகும். பிற்காலத்துச் செல்வர்கள் நாளுக்கு ஒன்றாக 365 பொம்மைகளும், அவற்றை மேய்க்க 36 மேஸ்திரிப் பொம்மைகளும் வைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி இல்லாமல் பொம்மையும் வேலை செய்யாது என்று இவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கவேண்டும்.

1906இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி கண்டெடுத்த காவும் அவன் மனைவி மெரித்தும் இந்த ஊரின் இன்னும் பழைய காலத்தவர்கள். படுக்கை, ரொட்டி, உள்ளாடை, சூதாட்டப் பலகை, பின்னல் பின்னலாக அவளுடைய பொய்முடி, அதை வைக்கும் உயரமான பெட்டி என்று ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தும் கலையாமல் இருந்தன. இப்போது டூரின் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கின்றன. மெரித் கணவனுக்கு முன்னே, எதிர்பாராத காலத்தில் இறந்துபோனாள்போலும். அவளுக்கென்று சவப்பெட்டி செய்து வைக்கப்படவில்லை. காவின் பெயர் எழுதிய பெட்டியில், அளவு பொருந்தாமையால் பக்கங்களில் துணி அடைத்து, அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

பெரிய கோயில்களுக்குள்ளே ஜனங்களுக்கு இடமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கார்நக்கில் ஆமுன் தேவனை விடியலில் எழுப்பி, நீராட்டி, உடுத்தி, அமுது படைத்து, மீண்டும் கதவடைப்பது குருமாரின் காரியம். ஊரார் அவனைக் காண்பது அவன் ஓடத்தில் ஏறி ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வருகிற திருவிழா நாளில்தான். அன்று குடும்பங்கள் உணவும் பீரும் எடுத்துக்கொண்டு முன்னோர் கல்லறைகளுக்குப் போய் இரவைக் கழித்தன. ஆனால் வீட்டுக்குள்ளே தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டின் முன்னறையில் செங்கல் மேடை ஒன்று கட்டி, அதன் பக்கத்தில் பெஸ் என்னும் குள்ளத் தேவனை எழுதியிருந்தார்கள்: சிங்கப் பிடரியும் வளைந்த காலும், எதிராளியைப் பார்த்து நாக்கை நீட்டுகிற முகமும். பிரசவத்தையும் குழந்தையையும் காப்பவன் அவன். அவனுக்குத் துணை தவேரெத் என்பவள். வயிறு பருத்த கர்ப்பிணி நீர்யானை நிமிர்ந்து நிற்கும் கோலம். அழகில் இவ்விருவரும் ஓசைரிஸின் கால் தூசுக்கும் ஈடாகமாட்டார்கள். ஆயினும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகெநாதன் என்ற மன்னன் சூரிய வட்டம் ஒன்றே தெய்வம் என்று சாதித்து, ஆமுனின் பெயரைக் கல்லுக்குக் கல் செதுக்கி அழித்து, அமர்னாவில் புதுத் தலைநகர் எழுப்பியபோது, அந்தத் தலைநகரத்துக் கைவினைஞர் குடியிருப்பிலேயே பெஸ்ஸும் தவேரெத்தும் சிறு தாயத்துகளாகக் கிடைத்திருக்கிறார்கள். மன்னன் ஆணை பிரசவ அறைவரை எட்டவில்லை.

வீட்டுச் சுவர் மாடங்களில் முன்னோரின் அரையுருவச் சிலைகளும் இருந்தன. நல்ல கதி அடைந்த முன்னோன் ராவின் ஓடத்தில் இடம்பெற்ற ஆவி. அவனால் வீட்டாருக்கு நன்மை செய்யமுடியும், தீமையும் செய்யமுடியும். லைடன் நகரத்தில் உள்ள ஒரு பாப்பிரஸில், மனைவியை இழந்த ஒருவன், தான் அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்றும், அவள் போனபின் மூன்று ஆண்டுகளாகத் தனித்தே வாழ்வதாகவும், அப்படியிருக்க ஏன் தன்னை இப்படி வருத்துகிறாள் என்றும் அவளிடம் முறையிட்டு எழுதியிருக்கிறான். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது அந்நாட்டில் நெடுங்கால வழக்கம்.

அவ்வூரின் பிரத்தியேக தேவதை என்று சொல்லத்தக்கவள் மெரெத்செகெர். பள்ளத்தாக்கின்மேல் இயற்கையாகவே பிரமிடு வடிவில் கூம்பி நிற்கும் மலைமுடிதான் அவள். நாகமாகவும், நாகத்தலை கொண்ட பெண்ணாகவும் அவளை எழுதினார்கள். பெயருக்கு ‘மௌனத்தை நேசிப்பவள்’ என்று பொருள். பாம்பும் தேளும் உலவுகிற, பேச்சரவமற்ற அந்தப் பாறைவெளியில் இந்தப் பெயரைவிடப் பொருத்தமானதொன்றைக் கற்பனை செய்ய முடியாது. நெஃபெராபு என்ற ஊழியன் அவளுக்கு நாட்டிய கல், எகிப்திய மதத்தைப் பற்றிய பொது எண்ணங்களைச் சற்று அசைத்துவிடக்கூடியது. நன்மை தீமை அறியாத மூடனாயிருந்து மலைமுடிக்கு எதிராகக் குற்றம் செய்ததாகவும், அவள் தண்டித்ததாகவும், இரவும் பகலும் அவள் பிடியில் கிடந்து, பிள்ளை பெறுகிறவளைப்போல் செங்கற்கள்மேல் அமர்ந்து மூச்சுக்காற்றுக்காகக் கதறியும் காற்று வரவில்லையென்றும், பிறகு தன் அம்மையை அழைக்க, அவள் இனிய தென்றலாக வந்து நோயை மறக்கச் செய்தாள் என்றும் அதில் சொல்கிறான். இதே மனிதன் ப்தா தேவனுக்கு நாட்டிய இன்னொரு கல்லில், தேவன் பேரில் பொய்ச்சத்தியம் செய்ததனால் பட்டப்பகலில் இருளைக் காணும்படி ஆயிற்று என்று ஒப்புக்கொள்கிறான். கண்பார்வை போயிற்று என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். கல்லறையின் இருட்டில் விளக்குத் திரியை நம்பி, தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போதும் பக்கத்திலேயே இருந்த அபாயம்.

நெப்ரே என்ற சித்திரக்காரனும் இப்படித்தான். ஒரு பசு விஷயமாக ஏதோ குற்றம் செய்து நோயில் விழுந்த தன் மகனுக்காக ஆமுனை வேண்டிக்கொண்டு, பிழைத்தபின் கல் நாட்டினான். மனிதன் தவறு செய்வது இயல்பானால் தேவன் மன்னிப்பதும் இயல்பு, அவன் கோபம் ஒரு நாள்கூட முழுதாக நீடிப்பதில்லை என்பது அக்கல்லின் சாரம். நாற்பத்திரண்டு நீதிபதிகளின் முன்னே ஒரு குற்றமும் செய்யவில்லை என்று சாதிப்பதற்காக ஆளுக்கொரு மந்திரச் சுருள் வாங்கி வைத்துக்கொண்ட ஜனங்கள், மலைமுடி முதலான தெய்வங்களின் முன்னே குற்றத்தை ஒளிக்காமல், ஊரார் படிக்கும்படி கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இவ்விரண்டில் எது அவர்களுடைய உண்மையான மதம் என்று கேட்டால், நான் மலைமுடியின் பக்கமே சாய்வேன்.

ஊரின் நியாயஸ்தலமும் தெய்வத்தின் கையிலே இருந்தது. ஊரைத் தோற்றுவித்த புரவலன் என்று முதலாம் ஆமென்ஹோதெப் என்னும் மன்னனையும், அவன் தாய் அஹ்மோஸ்-நெஃபெர்தாரியையும் இவர்கள் தெய்வமாக்கி வழிபட்டார்கள். அவனுடைய திருவிழாவில் நான்கு நாள் வேலை நிறுத்தி, பெண்டு பிள்ளைகளோடு குடித்துக் களித்த செய்தி ஒரு சில்லில் இருக்கிறது. அவன் உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் ஏற்றித் தெருவில் வரும்போது வழக்கைச் சொல்லிக் குறி கேட்பார்கள். மூர்த்தி முன்னே வந்தால் ஆம், பின்வாங்கினால் இல்லை. இரண்டு ஆடைகளைப் பறிகொடுத்த ஒருவன் இவ்வாறு முறையிட, ஊரிலுள்ள வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார்கள். ஊர்க் கணக்கரின் வீட்டுப் பெயர் வந்ததும் தெய்வம் தலையசைத்துவிட்டது. ஆடைகள் அவர் மகளிடம் இருக்கின்றன என்பது தீர்ப்பு. பல்லக்கைச் சுமந்தவர்கள் வேறு எங்கிருந்தோ வந்த குருமார் அல்லர். அதே ஊரில், அதே தெருவில், அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்த கல்தச்சர்களும் சித்திரக்காரர்களுமே விழா நாளில் தீட்டு நீங்கிக் குருமாராகித் தோள்கொடுத்தார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது அந்தத் தோள்களுக்குத் தெரிந்தே இருக்கும். இதை மோசடி என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வாயைத் திறந்து அண்டைவீட்டானைக் குற்றஞ்சாட்ட முடியாத ஒரு நெருக்கமான ஊர், தனக்குத் தெரிந்த உண்மையைத் தெய்வத்தின் பாரத்தோடு சேர்த்துச் சுமந்து சொல்லிக்கொண்டது என்றுதான் படுகிறது.

படியளப்பவனும் தெய்வந்தான். ஒரு தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை வாற்கோதுமையும் அரசு அளக்கவேண்டும். முன்னது ரொட்டிக்கு, பின்னது பீருக்கு. மூன்றாம் ரமேசஸின் 29ஆம் ஆண்டில், கி.மு. 1157ஐ ஒட்டி, அந்தப் படி வந்து சேரவில்லை. மாதத்தில் பதினெட்டு நாள் கழிந்துவிட்டது, பசிக்கிறது என்று சொல்லித் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, காவல் மதில்கள் ஐந்தையும் கடந்து போய், மூன்றாம் துத்மோசின் கோயிலின் பின்புறத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த நாட்களில் இரண்டாம் ரமேசஸின் கோயிலுக்குள்ளேயே புகுந்தார்கள். தானியக் களஞ்சியங்கள் கோயில்களில்தான் இருந்தன. துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, பாரோவுக்கு எழுதுங்கள் என்று உத்தியோகஸ்தர்களிடம் அவர்கள் சொன்னதை நாள்வாரியாக எழுதிவைத்தவர் ஊரின் கணக்கர் ஆமுன்நக்த். உலகத்தில் எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களுள் இதற்கு முந்தியது தெரியவில்லை. இதே மன்னன் கோயில்களுக்குக் கொடுத்த பொன், மாடு, நிலம், தானியம் ஆகியவற்றைப் பட்டியலிடும் பாப்பிரஸ் ஒன்று 40 மீட்டர் நீளத்துக்கும் மேல் இருக்கிறது. ஆமுனின் களஞ்சியம் நிரம்பிக் கிடக்க, சத்திய ஸ்தானத்து ஊழியனின் பானை காலியாயிருந்தது. மாஆத் என்பது இறகு சூடிய வெறும் பதுமை இல்லையென்று அந்தக் கோயில் மதிலடியில் உட்கார்ந்திருந்தவர்கள் மன்னனுக்கு நினைவூட்டினார்கள் என்று சொல்லலாம்.

அதன்பின் படியளப்பு என்றுமே சீராகவில்லை. ஐம்பது ஆண்டு சுமாருக்குள், ஒன்பதாம் ரமேசஸின் 16ஆம் ஆண்டில், கல்லறைக் கொள்ளை விசாரணைகள் நடந்தன. ஆமுன் கோயிலைச் சேர்ந்த ஆமென்பநெஃபெர் என்ற கல்தச்சன் கூட்டாளிகளோடு ஒரு பழைய மன்னனின் கல்லறையைத் துளைத்து நுழைந்து, மம்மிகளின்மேல் இருந்த பொன்னையெல்லாம் உரித்துக்கொண்டு, பெட்டிகளுக்குத் தீ வைத்ததையும், 160 தெபென், அதாவது நம் கணக்கில் பதினான்கு கிலோவுக்கு மேற்பட்ட பொன்னை எட்டுப் பங்கு வைத்ததையும் விவரமாக ஒப்புக்கொண்டிருக்கிறான். பிடிபட்டதும் தன் பங்கை ஒரு கணக்கருக்கு லஞ்சமாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தானாம்; கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடு செய்தார்களாம். மறு ஆண்டில் சத்திய ஸ்தானத்து ஊழியர்களே சிலர் அகப்பட்டார்கள். வண்டுக்கல் மந்திரமும், நாற்பத்திரண்டு நீதிபதிகளும், வாய் பிளந்த பிராணியும் அவர்கள் கையாலேயே நூறு முறை எழுதப்பட்டவைதாம்.

லிபியாவிலிருந்து வந்த கொள்ளைக் கூட்டத்தாருக்கு அஞ்சிக் கடைசியில் ஊரே காலியாயிற்று. எஞ்சிய குடும்பங்கள் மெதினெத் ஹாபு என்னும் மூன்றாம் ரமேசஸின் கோயில் மதிலுக்குள் குடிபுகுந்தன. அவர்களுள் ஒருவர் புதெஹாமுன், வேலைநிறுத்தத்தை எழுதிவைத்த ஆமுன்நக்த் முதலாக எண்ணினால் ஐந்தாம் தலைமுறைக் கணக்கர். இவருடைய காலத்தில் புதுக் கல்லறை குடைய மன்னர் யாரும் கேட்கவில்லை, வேலை தலைகீழாகிவிட்டது. தெற்கே நூபியாவில் படை நடத்திக்கொண்டிருந்த பியாங்க் என்ற சேனாபதி, பழைய கல்லறை ஒன்றைத் திறந்து, தான் திரும்பும்வரை முத்திரையோடு காத்து வைக்கும்படி எழுதிய கடிதம் இருக்கிறது. என்ன நோக்கத்தோடு என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பின்னர் வந்த பிரதான குரு பினுஜெமின் உத்தரவுப்படி, சிதைக்கப்பட்ட மன்னர்களின் மம்மிகளை எடுத்து மறுபடி துணி சுற்றி மறைவிடம் சேர்க்கும் பணியும் இவர்கள் பொறுப்பாயிற்று. அப்படிச் சுற்றப்பட்ட மம்மிகளுள் ஒன்று 1881இல் மலையில் குடைந்த கல்லறை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டு, 1886இல் மாஸ்பெரோவால் பிரிக்கப்பட்டபோது, துணியின்மேல் மைக்குறிப்பு இருந்தது: 13ஆம் ஆண்டில் இந்த மன்னனை மறுபடி ஓசைரிஸாக்கும்படி பணிக்கப்பட்டவர்களுள் புதெஹாமுனின் பெயரும் அதில் காணப்படுகிறது. மன்னன் மூன்றாம் ரமேசஸ். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் படியளக்கத் தவறியவன், அன்று பட்டினி கிடந்தவர்களின் சந்ததியார் கையில், பொன்னெல்லாம் போய்த் துணி மட்டும் மிச்சமாக, இரண்டாம் முறை ஓசைரிஸானான்.

மன்னர்களின் பெட்டிகளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கண்ணால் கண்டவர் அந்தக் கணக்கர். அவருடைய மனைவி இக்தாய் இறந்துபோனாள். பாரிஸில் லூவ்ர் காட்சிசாலையில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது; புதெஹாமுன் அவளுக்கு எழுதியது. நேரே அவளைப் பார்த்து அவர் பேசவில்லை. அவள் கிடக்கும் பெட்டியை விளித்து, மரியாதையோடு, நீ அவள் பக்கத்திலேயே இருக்கிறாய், என் வார்த்தையை அவளிடம் கொண்டுபோய்ச் சேர் என்று கேட்டுக்கொள்கிறார். அவளுக்கு இணையானவள் இல்லை, அவளிடம் ஒரு குறையும் கண்டதில்லை என்கிறார். அதற்கு முன்னே, ஊரிலிருந்து வரும் எந்தக் கடிதத்தின் தொடக்கத்திலும் இருக்கிற அதே கேள்வியை எழுதியிருக்கிறார்: எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேள்.